மின்சாரத்தை அடிவாரத்தில் ஏற்றுக

செம்மேடு, கொல்லிமலை
8.8.2001

அன்புள்ள விமலாவுக்கு,

செம்மேட்டில் மின்வாரியப் பொறியாளராகப் பணிபுரிபவனும், இருபத்துமூன்று ஆண்டுகளாக உன் கணவனுமாகிய ம. சவரிமுத்து என்னும் நான், அசோக்கின் பேட்டரி சரக்கு வண்டிக்கு இந்த மலையில் ஆகும் மின்செலவையும் ஓட்டச் செலவையும் உனக்குத் தெரிவிக்கும் பொருட்டு இதை எழுதுகிறேன். வேறு நோக்கம் எதுவும் இல்லை. இருந்தால், அது கீழே உரிய இடத்தில் வரும்.

முதலில் நலம். இரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாளும் தவறவிடவில்லை. மதியச் சாப்பாடு பொன்னம்மாள் மெஸ்ஸில். இரவில் நானே கோதுமை உப்புமா கிண்டிக்கொள்கிறேன், சுமார்தான். வல்வில் ஓரி விழாவுக்கு இந்த ஆண்டும் நல்ல கூட்டம். உன்னை விசாரித்தவர்களிடம், பட்டறையில் வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன். மகள் ஜெசியைக் கல்லூரி விடுதியில் விடாமல், கோயமுத்தூரில் வீடெடுத்து நீ உடனிருந்து பார்த்துக்கொள்வது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். உன்னோடு கல்லூரியில் படித்த அசோக்கின் பட்டறையில் கணக்குப் பார்க்கும் வேலை அந்த முடிவோடு வந்து சேர்ந்துகொண்டதுதான் நாம் முதலில் பேசிய திட்டத்தில் இல்லாதது.

நீ அறிந்ததே ஆனாலும் முன்கதையை முறைப்படி எழுதிவிடுகிறேன். அசோக் தம் பட்டறையில் செய்த மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஒன்றை, ஓட்டிப் பார்க்கும்படி ஜூன் மாதம் வளப்பூர் நாட்டு விவசாயிகள் சங்கத்துக்கு அனுப்பினார். சங்கத்தார் அதன் செலவைக் கணக்கிட்டு அறிக்கை தரும்படி என்னைக் கேட்டார்கள்; மலையில் வேறு பொறியாளர் இல்லை. அறிக்கை சாதகமானால் சேந்தமங்கலத்து மிளகு வியாபாரி ஜெய்லானி முதல் போட, மூன்று வண்டிகள் வாங்குவார்கள். பாதகமானால் இதையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படித் திரும்பி வந்தால் சரக்கு வண்டிப் பிரிவையே மூட வேண்டியதுதான் என்றும், நீயும் மூட்டை கட்டிக்கொண்டு செம்மேட்டுக்கே வந்துவிடுவாய் என்றும் சென்ற மாதக் கடிதத்தில் எழுதியிருந்தாய். விளையாட்டாக எழுதினாயா என்று எனக்குத் தெரியாது. நான் அதை விளையாட்டாகப் படிக்கவில்லை.

உன் கடிதங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அசோக் இப்படிச் சொன்னார், அசோக் மோட்டாரைப் பிரித்துப் போட்டார், அசோக் மதியம் சாப்பிடக்கூட இல்லை. என்னைக் குறிக்கும் சொற்களைவிட அவர் பெயர் கூடுதலாக வருகிறது. எண்ணிப் பார்த்தேன், எண்ணிக்கையை இங்கே எழுத மாட்டேன்.

இனி வண்டி. அதற்குச் சத்தமே இல்லை என்பது முதல் குறை. வளைவில் எதிரே வருகிறவர்களுக்கு அது வருவதே தெரிவதில்லை. ஓட்டுநர் செங்கோடனின் மனைவி பொன்னாயி, தங்கள் காளையின் கழுத்து மணியை அவிழ்த்து வண்டியின் முன்பக்கத்தில் கட்டிவிட்டாள். விதிப்படி வண்டிக்கு ஹாரன்தான் வேண்டும், மாட்டு மணி கூடாது என்று செங்கோடனிடம் சொன்னேன். "ஹாரன் அடிச்சா கரண்டு குறையுமுங்க சார். மணி ஆட்டறதுக்கு ரோட்டுக் குழியே போதுமுங்க" என்றான். இப்போது செம்மேட்டில் அதற்கு மணி வண்டி என்றே பெயர். மாலையில் அந்த மணி நம் வீட்டைக் கடக்கும்போதெல்லாம், கோயமுத்தூரிலிருந்து யாரோ வந்துவிட்டது போல எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். வந்து நிற்பது அசோக்கின் வண்டி.

முதல் சோதனையை ஜூலைக் கடைசியில் நடத்தினேன். சரக்கு வண்டிச் சோதனைக்கு விதி ஒன்றுதான்: மின்கலங்களை முழுமையாக நிரப்பு, முழுப் பாரம் ஏற்று, போகவும் வரவும் அதே பாரத்தோடு ஓட்டு. சங்கத்தின் கொட்டகை மலைமேல் இருப்பதால் அங்கேயே இரவெல்லாம் மின்சாரம் ஏற்றினோம். மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டு காரவள்ளி அடிவாரத்துக்கு இறங்கினோம். இறங்கும்போதே பிரேக் தீய்ந்த வாடை வந்தது. அதைக் குறையாக எழுதிக்கொண்டேன். திரும்பி ஏறும்போது, எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் நாற்பத்தாறாவது வளைவில் வண்டி நின்றுவிட்டது.

நாங்கள் அதை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தபோது பின்னால் சேந்தமங்கலம் பஸ் வந்தது. ஜன்னலோரம் இருந்த ஒருவர், "ஏனுங்க இன்ஜினீயர் சார், ஊடு ஊடா கரண்டை நிறுத்துனது பத்தாம ரோட்டுலயும் நிறுத்திட்டீங்களா?" என்று கேட்க, பஸ்ஸே சிரித்தது. செங்கோடனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்குச் சுருங்கவில்லை. மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு பொறியாளன் தன் சோதனையில் கண்டதை ஒளிக்கக் கூடாது என்பதால் இதையும் பதிவு செய்கிறேன். அன்றைக்கே பாதகமான அறிக்கையை எழுதி முடித்தேன். நெடுநாளைக்குப் பிறகு உன் அலமாரியைத் திறந்து, நீ வந்தால் வேண்டியிருக்கும் என்று பாச்சை உருண்டைகளை மாற்றி வைத்தேன்.

செங்கோடன் பட்டறைக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறான். சென்ற வியாழனன்று அசோக் நேரிலேயே வந்துவிட்டார். சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். மதியம் ஜெய்லானியையும் அவரையும் வீட்டுக்கு அழைத்து, மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வரவழைத்தேன். நம் ஜாடியிலிருந்த நாரத்தங்காயைத் தொட்டு நாக்கில் வைத்ததுமே, "இது விமலா போட்டதுதானுங்களே" என்றார் அசோக். அவருக்கு அந்தச் சுவை எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நீ மதியச் சாப்பாட்டில் கொண்டுபோயிருப்பாய். அது தவறில்லை. ஆனால் அதன் பிறகு எனக்கு அந்த ஊறுகாய் இறங்கவில்லை.

என் சோதனை முறையை விவரமாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஏனுங்க சார், மேல ஃபுல்லா சார்ஜ் பண்ணியா எறக்குனீங்க? நம்ம விமலா மொத நாளே சொன்னாங்களே, இந்த வண்டிக்குக் கீழதான் கரண்டு ஏத்தோணும்னு. உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

ஜெய்லானி சோற்றைப் பிசைந்தபடியே, "எஞ்சினீயர் ஊட்டு யோசனை கோயமுத்தூர் போயி, அங்கிருந்து மலையேறி வருதுங்க" என்றார். நல்ல மனிதர், சிரிப்பதற்காகச் சொன்னார். நானும் சிரித்தேன்.

உன் யோசனையை எனக்கு அசோக் விளக்க வேண்டியிருந்தது, விமலா. இறக்கத்தில் வண்டி தன் எடையால் உருளும்போது அதன் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பித் தரும். தரும்போதே வண்டியை இழுத்தும் பிடிக்கும். மலைமேலேயே மின்கலங்களை நிரப்பிவிட்டால், திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் ஏது? நிரம்பிய குடத்தில் ஊற்றிய கதைதான். வண்டியைப் பிடிக்கும் வேலை முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது, வாடையும் வருகிறது. ஆகவே காரவள்ளியில் உள்ள ஜெய்லானியின் குடோனில் மின்சாரம் ஏற்றி, ஏறக்குறைய வெறும் வண்டியாக மேலே வந்து, அதற்குள் மின்கலங்களில் இடம் விழுந்திருக்க, பலாவும் வாழையும் நிறைத்துக்கொண்டு கீழே போக வேண்டும். இந்த மலையில் பாரம் இறங்கத்தான் செய்கிறது, ஏறுவதில்லை. செம்மேட்டு வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து நீ எத்தனையோ ஆண்டுகள் பார்த்தது அது. அதே வீட்டின் முன்னறையில்தான் நானும் இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, நீ சொன்னபடியே மறுசோதனை செய்தேன். அசோக்கைக் கிட்டே வரவிடவில்லை, அது விதி. வண்டி எழுபது வளைவுகளையும் ஏறியது. பலாவோடு இறங்கியபோது பிரேக் வாடை இல்லை. மணிச் சத்தம் மட்டும். ஏறி இறங்க ஆன மின்சாரம் ஏழு யூனிட்டுக்குச் சற்று மேல். அதே பாதையில் டீசல் வண்டி குடிக்கும் எரிபொருளின் விலையில் இது பாதிகூட இல்லை. ஆனால் மூன்றாண்டுக்கு ஒருமுறை மின்கலங்களை மாற்றும் செலவையும் சேர்க்க வேண்டும். சேர்த்தால் லாபம் சுருங்கி, டீசல் வண்டியைவிட ஒரு விரற்கடைதான் முன்னால் நிற்கிறது. அசோக்கின் விளம்பரத் தாளில் இந்தச் செலவைக் காணோமே என்று மகிழ்ந்து தேடினேன். தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அவர் போட்டிருக்க மாட்டார். நீ போட வைத்திருப்பாய்.

இப்போது அந்த மற்ற விஷயத்துக்கு வருகிறேன்.

அசோக் உன்னை 'நம்ம விமலா' என்றார். இந்தப் பக்கத்தில் யாரையும் அப்படித்தான் சொல்வார்கள்; சங்கத்துத் தராசுகூட நம்ம தராசுதான். இலக்கணப்படியும் 'நம்' என்பது பேசுகிறவரோடு கேட்கிறவரையும் சேர்த்துக்கொள்ளும் சொல். ஆகவே அதில் நானும் அடக்கம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை. இரவில் படுத்தால் அந்தச் சொல்தான் மணி கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிறது.

அவர் உன்னிடம் மரியாதையாகவே நடக்கிறார் என்பதை அறிவேன். என் வருத்தம் அதுவல்ல. ஊறுகாயை அவர் எடுத்துக்கொள்ளட்டும். அவர் பெயர் உன் கடிதத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் வரட்டும். ஆனால் மலையைப் பார்த்துப் பார்த்து உனக்குள் விளைந்த அந்த ஒரு யோசனை, அது எனக்கு அல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? எனக்குத் தெரியாத துறை என்றால் பரவாயில்லை. மின்சாரம் என் துறை. அவருக்குச் சொன்னபோது அவர் என்ன செய்தார்? உடனே எழுந்து வண்டியை மாற்றப் போயிருப்பார். என்னிடம் சொல்லியிருந்தால் ஆதாரம் கேட்டிருப்பேன் என்று நினைத்திருப்பாய். கேட்டிருப்பேன். ஆதாரம் கேட்பது அன்பில்லாமை அல்ல, விமலா. ஆனால் கேட்கப்படுகிறவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் போகலாம் என்று இப்போது தோன்றுகிறது.

என் மேசைமேல் இரண்டு அறிக்கைகள் இருக்கின்றன: முதல் சோதனையின் பாதகமானது ஒன்று, மறுசோதனையின் சாதகமானது ஒன்று. முதலாவதில் பொய் ஒன்றும் இல்லை. விதிப்படி நடந்த சோதனை. அதைக் கொடுத்தால் நீ ஒரு மாதத்துக்குள் இந்த வீட்டில் இருப்பாய். ஜன்னலோரம் நின்று லாரிகளைப் பார்ப்பாய். பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டாய். அப்படி நீ வந்து இருப்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்தேன். அலமாரியும் தயாராக இருக்கிறது. என்றாலும் முதல் அறிக்கையைக் கிழித்துவிடப் போகிறேன்.

ஜெசிக்கு என் ஆசிகள். ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும். உன் கண்களுக்கு எப்போதும் ஒரு நல்ல ஜன்னலைத் தரட்டும்.

இனி நான் செய்யப்போவது: வரும் ஞாயிறு, பூசை முடிந்ததும் இரண்டாவது அறிக்கையில் கையெழுத்திட்டுச் சங்கத்தாரிடம் கொடுப்பேன். மின்சாரத்தை அடிவாரத்தில் ஏற்றும் முறையைக் கண்டவர் திருமதி விமலா சவரிமுத்து என்று அதில் முழுப் பெயராக எழுதியிருக்கிறேன். 'நம்ம விமலா' என்று எழுதவில்லை. பிறகு அதே வண்டியில், பலாப்பழங்களோடு, செங்கோடன் பக்கத்தில் உட்கார்ந்து காரவள்ளிக்கு இறங்குவேன். அங்கிருந்து நாமக்கல் வழியாகக் கோயமுத்தூர் பஸ் ஏறி, பொழுது சாய்வதற்குள் சிங்காநல்லூர் வந்துவிடுவேன். அசோக் வர வேண்டாம். அவர் வண்டியையும் அனுப்ப வேண்டாம். நீ மட்டும் வா. நிலையத்திலிருந்து வீடுவரை நடந்தே போவோம். வழியில் உனக்குத் தோன்றுவதையெல்லாம் சொல். நீ சொல்லி முடிக்கும்வரை நான் ஆதாரம் கேட்க மாட்டேன்.

உன்,
ம. சவரிமுத்து