உப்புப் பார்க்காத சமையல்

கள்ளக்குறிச்சி
10.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மலர்விழி எழுதுகிறேன். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பரணிலிருந்து பெரிய அண்டாவை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். "பல்லு விளக்கினியா இல்லையா? அதுக்குள்ள அண்டா விளக்க வந்துட்ட" என்று மாமியார் சிரித்தார்கள். வருகிற பத்தொன்பதாம் தேதி சூசையப்பர் திருநாள். இயேசுவை வளர்த்த தகப்பன் அவர், தச்சர்.

அன்றைக்கு இந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. வெளியாட்கள் மூன்று பேரைக் கூப்பிடுவோம். ஒரு பெரியவர், ஒரு பெண், ஒரு குழந்தை. சூசையப்பர், மாதா, குழந்தை இயேசு என்று நினைத்து அவர்களை உட்காரவைத்து, கைக்குத் தண்ணீர் ஊற்றி, இலை போட்டுப் பரிமாறுவோம். அவர்கள் கை கழுவும்வரை வீட்டில் யாரும் சமைத்ததைத் தொடக்கூடாது. உப்பு சரியா என்று நாக்கில் வைத்துக்கூடப் பார்க்கக்கூடாது.

இத்தனை வருஷத்தில் இதை உங்களுக்குச் சொன்னதில்லை. போன வருஷம் திடீரென்று, "பேச மாட்டேன்னுதான் சொன்னேன், எழுத மாட்டேன்னு சொல்லல" என்று ஒரு கார்டு போட்டீர்களே, அதிலிருந்துதான் எனக்குத் தைரியம் வந்தது.

அப்பா, இந்த வருஷம் பெரியவர் இலை உங்களுக்கு. நீங்கள் இந்த வீட்டுக்கு இன்னும் வெளியாள்தானே, அதனால் தாராளமாக உட்காரலாம். எங்களுக்கு இது தவக்காலம், கறி மீன் எதுவும் கிடையாது. கறி சமைக்கிற வீடு என்ற சாக்கும் இல்லை.

என் கல்யாணத்தன்று, "அந்த வூட்ல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்" என்றீர்கள். நீங்கள் என் வீட்டில் ஒரு வேளை சாப்பிடாமல் மணலூர்பேட்டை வாசலை மிதிக்க மாட்டேன் என்று நானும் சொன்னேன். இருபது வருஷமாக இரண்டு பேரும் வாக்குத் தவறவில்லை. கெட்டிக்காரர்கள்தான்.

தியாகதுருகத்தில் பஸ் மாறினால் போதும். என் வீட்டுக்காரர் வண்டியோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பார்.

அன்புடன்,
மலர்விழி


மணலூர்பேட்டை
14.3.2025

மகள் மலர்விழிக்கு ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. இங்கு நலம். கரும்பு வெட்ட ஆள் வந்திருக்கிறது. இந்த நேரத்தில் நான் நகர முடியாது. முட்டி வலியும் ஜாஸ்தி. இதை எழுதும்போது உன் அம்மா பின்னால் நின்றுகொண்டு, "முட்டி வலியா? காலையில கன்னுக்குட்டிய தொரத்திக்கினு வரப்புல ஓடினது யாரு?" என்கிறாள். இதை எழுத வேண்டிய அவசியமில்லை. எழுதாவிட்டால் போன் போட்டு அவளே சொல்லிவிடுவாள்.

மேலும், சாமி என்று என்னை உட்காரவைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். நல்ல பெரியவராக வேறு ஒருவரைப் பாருங்கள்.

பத்தொன்பதாம் தேதி காலையில் நம் ராசு டெம்போவில் கள்ளக்குறிச்சி வருகிறான். நம் ஆலையில் காய்ச்சிய வெல்லம் கொடுத்து அனுப்புகிறேன். கடை வெல்லத்தில் பாயசம் வைக்காதே.

இப்படிக்கு,
ராமசாமி


கள்ளக்குறிச்சி
19.3.2025, மதியம்

அன்புள்ள அப்பாவுக்கு,

ராசு கிளம்ப வேண்டும் என்று வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான். மூன்று பேரும் இப்போதுதான் கை கழுவினார்கள். நாங்கள் இன்னும் சாப்பிடவில்லை. அதற்குள் அவசரமாக இதை எழுதுகிறேன்.

உங்கள் இலையில் இருசப்பன் தாத்தா உட்கார்ந்தார். எங்கள் மோட்டார் கடைக்கு எதிரே செருப்புத் தைக்கிறவர். கல்வராயன் மலையிலிருந்து தேனும் சாமையும் கொண்டுவந்து விற்கும் கொளஞ்சியம்மாள் மாதா. அவர் பேத்தி தேவதர்ஷினி குழந்தை இயேசு. தாத்தா கைக்கு என் வீட்டுக்காரர் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்ற, "கை மட்டும் கழுவினா போதும் தம்பி, குளிச்சிட்டுத்தான் வந்தேன்" என்றார். வீடே சிரித்தது.

தேவதர்ஷினிக்கு விவரம் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. "சாமிக்கு இன்னா வேணும்?" என்று மாமியார் கேட்டதும், "சாமிக்கு அப்பளம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சாமிக்கு இன்னொரு அப்பளம்." கொளஞ்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, "சாமி வயித்தால போவப் போவுது பாரு" என்றார்.

தாத்தா நிம்மதியாகச் சாப்பிட்டார். தண்ணீர் மட்டும் அடிக்கடி கேட்டார். வெயில் அப்படி.

கேரியரில் சோறு, சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல், வடை, மலைச் சாமையில் உங்கள் வெல்லம் போட்ட பாயசம். சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. அனுப்புகிறேன், அவ்வளவுதான்.

மலர்விழி


மணலூர்பேட்டை
21.3.2025

மகள் மலர்விழிக்கு ஆசீர்வாதம்.

கேரியர் வந்து சேர்ந்தது. நான் அதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிட்டேன். உன் அம்மாவும் வேலையாட்களும் சாப்பிட்டார்கள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சாம்பாரில் உப்பு ரொம்ப ஜாஸ்தி. நாக்கில் வைக்க முடியவில்லை. இரண்டாம் தடவை மோர் ஊற்றிப் பிசைந்த பிறகுதான் இறங்கியது. பாயசத்துக்கு ஏலக்காய் கம்மி. ஆனால் சாமை குழையாமல் பதமாக இருந்தது. வடை ஆறிப்போயும் மொறுமொறுப்பு போகவில்லை. இது உன் மாமியார் கையா, உன் கையா?

காலிக் கேரியரை அனுப்பக்கூடாது என்று அம்மா முறுக்கு வைத்திருக்கிறாள். என் பேத்தி பரீட்சை எப்படி எழுதுகிறாள்?

இப்படிக்கு,
ராமசாமி


கள்ளக்குறிச்சி
24.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். இவர் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "முன்னாடியே சாப்ட்டு முடிச்சவரு எதுக்கு மோர் ஊத்திப் பிசைஞ்சாரு?" என்றார். மாமியாருக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு.

நீங்கள் சொன்னது சரி. நான் ஒரு முறை உப்புப் போட்டேன். நான் இலை வாங்கப் போயிருந்தபோது மாமியாரும் ஒரு முறை போட்டிருக்கிறார்கள். ருசி பார்க்கக் கூடாதே, யாருக்குத் தெரியும்? ராசு கிளம்பிய பிறகு நாங்கள் உட்கார்ந்து முதல் வாய் வைத்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மறுநாள் தாத்தாவிடம் போய், "ஏன் தாத்தா சொல்லல?" என்று கேட்டேன். "நான் நேத்து சாமிம்மா. சாமி என்னைக்கு உப்புக் கொறை சொல்லிக்கிது?" என்கிறார். வடை என் கைதான், அப்பா. உங்கள் பேத்தி கணக்குப் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம்.

எல்லோரும் படுக்கப் போகுமுன் கடிதத்தைத் திரும்ப ஒரு முறை தனியாகப் படித்தேன். எந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், அம்மா பரிமாறினாளா, நீங்களே போட்டுக்கொண்டீர்களா என்றெல்லாம் நினைத்துப் பார்த்தேன். என் வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னேன். அப்போது எனக்கு வீடு என்றால் நான்கு சுவர். என் அடுப்பில் வெந்ததை இரண்டு தடவை போட்டுக்கொண்டு குறையும் சொல்லிவிட்டீர்கள். இதற்குமேல் உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை.

சித்திரை முதல் தேதி காலை முதல் பஸ்ஸில் மணலூர்பேட்டை வருகிறேன். நீங்கள் கூப்பிட வேண்டாம், பஸ் ஸ்டாண்டுக்கு வரவும் வேண்டாம். பேசாமல் இருப்பதென்றாலும் இருங்கள், நான் பேசிக்கொள்கிறேன். இதை இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. அம்மாவிடம் நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
மலர்விழி