வேலணையில் பிறக்காத மாலாவுக்கு

என் மாலாவுக்கு,

நீ போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. மோர்டனில் மழை விட்டபாடில்லை. பின்வாசல் விளக்கை இன்றைக்குத்தான் மாற்றினேன். ஊருக்கெல்லாம் வயரிங் செய்கிறவன் வீட்டில் விளக்கு எரியாது என்று நீ நையாண்டி பண்ணுவாயே, அதே விளக்குத்தான். இப்போது நன்றாக எரிகிறது, கூப்பிட்டுக் காட்டத்தான் நீ இல்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கேட்டால் சிரிப்பாயா, கோபப்படுவாயா என்று தெரியவில்லை. உன் மரண அறிவித்தலை என் அண்ணைதான் எழுதி இணையத்தில் போட்டார். எனக்கு ஒரு வரி எழுதத் தெம்பில்லை. எங்கள் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியும். பெயருக்கு முன்னால் பிறப்பிடம் வரும், பிறகு வதிவிடம். அண்ணை எழுதியது: 'வேலணையைப் பிறப்பிடமாகவும், லண்டன் மோர்டனை வதிவிடமாகவும் கொண்ட மாலா.' மலேசியாவில் ஈப்போவில் பிறந்து வளர்ந்த உன்னை, எங்கள் யாழ்ப்பாணத்துத் தீவை ஒருநாளும் கண்ணால் காணாத உன்னை, வேலணையில் பிறக்க வைத்துவிட்டார்.

நான் அதைக் கவனிக்கவேயில்லை. உன் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈப்போவிலிருந்து உன் தங்கை தேவி போன் எடுத்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு, "அத்தான், அக்கா நம்ம ஊர்ல பொறக்கலையா?" என்று கேட்டாள். திருத்தச் சொல்கிறேன் பிள்ளை என்றேன்.

இருபது வருடமாக உன்னை 'மலேசியாக்காரி' என்று சொன்னவர் அண்ணை. நீ உங்கள் ஊர் இறால் பெலாச்சானைப் போட்டுச் சம்பல் அரைத்தால் மூக்கைச் சுளித்து ஜன்னலைத் திறந்துவிடுவார், பிறகு இரண்டு தரம் போட்டுச் சாப்பிடுவார். அறிவித்தலைத் திருத்துங்கோ என்று நான் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வேற நாடு எண்டு போட்டால் சனம் அவளைப் பிறத்தியாள் எண்டெல்லோ நினைக்கும். அவள் எங்கட பிள்ளை. எங்கட பிள்ளையாத்தான் போகவேணும்" என்றார். இந்தச் சொல்லை நீ கேட்க ஒருநாள் சொல்லியிருக்கக் கூடாதா?

அப்போதுதான் உன் அயர்லாந்துக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். நான் வெங்காயம் வெட்ட, நீ கல்லூரியில் பிள்ளைகளுக்கு எடுக்கப்போகும் சரித்திரப் பாடத்தை எனக்குச் சொல்லிப் பார்ப்பாய். இங்கிலாந்திலிருந்து போய்ப் பல தலைமுறையாக அயர்லாந்தில் வாழ்ந்த குடும்பங்களின் கதை. லண்டனுக்கு அவர்கள் ஐரிஷ்காரர்கள். அங்கே ஆதியிலிருந்து இருந்தவர்களுக்கோ அந்நியர்கள். பதினேழாம் நூற்றாண்டில் இந்த இரண்டு பகுதியும் இங்கிலாந்துப் படையிடம் தோற்று, காணி பறிபோய், காணிக்காரரெல்லாம் மேற்கே துரத்தப்பட்ட காலத்தில்தான், நாம் ஒரே கத்தோலிக்கர், ஒரே ஐரிஷ்காரர் என்ற பேச்சு வலுத்தது என்பாய்.

"எல்லாம் போனப்புறம் சேத்துக்கிறாங்க பாருங்க" என்பாய். ஒருநாள் கூடவே இதையும் சொன்னாய்: "எங்கேருந்து வந்தோம்னு மறந்தாத்தான் சேத்துக்குவாங்கன்னா, அது என்னங்க சேத்துக்கிறது?" அது பாடத்தில் இருந்ததா, உன் மனதில் இருந்ததா, மாலா?

நீ சொன்னதை அப்படியே அண்ணையிடம் சொன்னேன். குடிக்க எடுத்த தேநீரைக் கீழே வைத்தார். பிறகு, "அவள் இதை என்னை நினைச்சுச் சொன்னவளோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை, அயர்லாந்தைப் பற்றி."

நம்பினாரோ என்னவோ. அன்று பின்னேரமே அறிவித்தலைத் திருத்திவிட்டார். இப்போது ஈப்போ என்றுதான் இருக்கிறது. தேவிக்கும் அவரே போன் எடுத்துச் சொன்னார். இரண்டு பேரும் பேசியதைவிட அழுததுதான் அதிகம்.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அண்ணையின் வாயால் ஒரு நல்ல சொல் வருவதற்கு நீ செத்துப்போக வேண்டியிருந்ததே. அவரை ஏசலாம் என்று போனால், எனக்கு முன்னால் அவர் அழத் தொடங்கிவிடுகிறார். அழுகிற மனிதரை நான் என்னவென்று ஏச?

விடுமுறை வந்தால், "எல்லாரும் ஒரு தடவை எங்க ஈப்போ வீட்டுக்கு வாங்களேன்" என்று அவரையும் கூப்பிடுவாய். தன் கடையை விட்டுவிட்டு வர ஏலாது என்பார். நேற்று, உன் அஸ்தியை உன் ஊர் ஆற்றில் கரைக்கப்போகிறேன் என்று சொன்னேன். கடையைப் பற்றி மூச்சு விடவில்லை. "எனக்கும் சேர்த்து டிக்கெட் போடு, நானும் வாறன்" என்றார். நீ இருந்து கேட்டிருந்தால் உடனே தேவிக்குப் போன் எடுத்து, பாயைத் தட்டிப் போடச் சொல்லியிருப்பாய்.

உன் தெருவில் எங்கள் இரண்டு பேரையும் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. நீங்கள் யார் வீட்டு ஆட்கள் என்று கேட்பார்கள். மாலா வீட்டு ஆட்கள் என்று சொல்வேன். அண்ணையையும் அவர் வாயாலேயே அப்படிச் சொல்ல வைப்பேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

இன்றைக்கும் உன் மனுசன்,
யோகன்