ஏழாம் தொட்டியின் கறை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் மாடிப்படி ஏற விடுகிறதா? அப்பாவையும் ஒரு வரி எழுதச் சொல். அப்போதுதான் உண்மை தெரியும்.

இந்த வாரம் ஊற்றுநீர்க் குளியல் கூடத்தில் ஒரு கூத்து. ஏழாம் தொட்டியில் செங்காவியாகப் படிந்திருந்த கறையை, நீ அடுப்படியில் பழக்கிய கையால் தேய்த்து வெள்ளை வெளேரென்று ஆக்கிவிட்டேன். மூட்டுவலிக்காக நாள்தோறும் வரும் தபால்காரர் எட்டிப் பார்த்தார். "இதுல மருந்தே இல்லையேம்மா!" என்று இறங்க மறுத்துவிட்டார். அது ஊற்றுநீரின் இரும்புக் கறையாம். அதைப் பார்த்துத்தான் வருகிறவர்களுக்கு நம்பிக்கையே.

வேலை நிரந்தரமானால்தான் பெற்றோரை இங்கே இலவசமாகக் குளிக்க அழைக்கலாம். அது போயிற்றே என்று தேய்த்த நாரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மேற்பார்வையாளர் அக்கா தொட்டியைச் சுற்றிவந்து சிரித்தார். "கறை திரும்ப ஏற எட்டு வருஷமாகும். அதுவரைக்கும் நீ எங்கயும் போகக்கூடாது" என்று நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்டார்.

எட்டு வருடத்தை ஒரேயடியாக நினைக்காமல் இருக்கிறேன்.

இந்தக் கூடத்து மருத்துவரிடம் காட்ட உன் முழங்கால் எக்ஸ்ரே வேண்டும். மணி அடிக்கிறது, தொட்டிகளை நிரப்பப் போகிறேன். எக்ஸ்ரே தபாலில் மடங்கிவிடும் என்று அப்பா சொன்னால், நீயே கையில் கொண்டு வா.

உன் மகள்