கடைசியில் படிக்கும் ஃபைல்

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

பதினாலு இடமும் மறுபடி லைட்ஹவுஸ் குப்பத்துக்கே. இது மூன்றாவது வாரம்.

மோகன் அண்ணனுக்குச் சிரிப்பு. “நம்ம ஊருக்குத்தானே போவுது, உனக்கின்னா நோவுது?” என்று போனில் கேட்கிறான். எனக்கு நோகிறது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு, வரிசை எழுதி, முறை தப்பாமல் விடுவதற்குப் பேர்தான் பாடு. ஐந்து ஊரும் மாறி மாறி வரவேண்டும். ஒரே ஊர் எல்லா இடத்தையும் வளைத்துக்கொண்டால் அது பாடு இல்லை, அடாவடி. அந்தப் பாட்டு முறையை ஒரு விளையாட்டுக்குள் கொண்டுவரத்தான் எட்டு மாதமாக உட்கார்ந்து தட்டுகிறேன்.

இதில் கேவலம் என்னவென்றால், நான் எழுதியதை நானே ஆடிப் பார்க்க முடியாது. என் லேப்டாப் பிளஸ் டூவில் கொடுத்தது. எழுதத்தான் லாயக்கு, விளையாட்டைத் திறந்தால் விசிறி கத்திவிட்டு அணைந்துவிடும். நான் எழுதி அனுப்ப வேண்டும். பெரியப்பா மகன் மோகன் அண்ணன் தன் பெரிய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, “ஓடல” என்று ஒரு வார்த்தை அனுப்புவான். எது ஓடவில்லை? எப்படி ஓடவில்லை? அதைச் சொன்னால் வாய் முத்து உதிர்ந்துவிடும்.

12 பிப்ரவரி

நான் டைப் அடிக்கப் போகிற பொன்னேரி கடையில் சாப்பாட்டு நேரத்தில் ஜாக்குலின் கேட்டாள், “அப்படி இன்னாதாண்டி அடிச்சிக்கினு இருக்க?” அடுத்த மேசைக்காரி, நாளெல்லாம் என்னோடு சேர்ந்து வருமானச் சான்றிதழுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் தட்டுகிறவள். கேட்க ஒருத்தி கிடைத்தாளே என்று சொல்லிவிட்டேன்.

துறைமுகங்களைப் பிடித்து ஆளுகிற ஒரு விளையாட்டு. அதற்குள் நாம் புதிதாக ஒரு பகுதியைச் சேர்க்கலாம், அதை மாட் என்பார்கள். நான் நம் ஏரியைச் சேர்த்திருக்கிறேன். ஊர் ஒரு ஃபைல், காற்று ஒரு ஃபைல், மீன் ஒரு ஃபைல், பாடு ஒரு ஃபைல். விளையாட்டு திறக்கும்போது அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கும்.

“எந்த வரிசைல படிக்கும்?” என்றாள்.

நான் 01, 02 என்று நம்பர் போட்டிருக்கிறேன், முக்கியமானது முதலில் என்றேன். சொல்லும்போதே என்னமோ இடித்தது. முக்கியமானது ஏன் முதலில்? பாட்டில் முதல் சீட்டு எடுத்தவனுக்கு முதல் இடம். அவன் வலை கட்டிவிட்டால் பின்னால் வருகிறவன் அதில் கை வைக்கக் கூடாது. கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. நானே நினைத்துக்கொண்டேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

விளையாட்டு எந்தெந்த ஃபைலை எந்த வரிசையில் படித்தது என்று ஒரு பட்டியல் எழுதி வைக்கும், லாக் என்று பேர். மோகன் அண்ணனிடம் கெஞ்சி அதை வாங்கினேன். 01 இருக்கிறது, 02 இருக்கிறது, 05_padu இருக்கிறது, எல்லாம் முடிந்து கடைசியில் — பாடு.txt. தமிழில்.

போன ஜூனில் முதல்முதலாக எழுதிப் பார்த்த ஃபைல். ஆசையாகத் தமிழில் பேர் வைத்தேன். சோதனைக்காக எல்லா இடத்தையும் நம் ஊருக்கே கொடுத்திருந்தேன். அதை அழிக்க மறந்தே போனேன். கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் எழுத்தெல்லாம் முடிந்த பிறகுதான் தமிழ் எழுத்து. ஒரே விஷயத்தை இரண்டு ஃபைல் சொன்னால், கடைசியாகப் படித்ததுதான் நிற்கும். முன்னால் சொன்னதெல்லாம் மூழ்கிவிடும். அதாவது பாட்டுக்கு நேர் எதிர். மூன்று வாரமாக 05_paduவைத் திருத்தித் திருத்தி மாய்ந்தேன், என் பழைய ஃபைலே அதன் மேல் உட்கார்ந்திருந்திருக்கிறது.

அழித்தாயிற்று. ஐந்து ஊருக்கும் முறை வருகிறது என்று மோகன் அண்ணன் போன் செய்தான். குரலில் நிஜமாகவே சந்தோஷம். “எப்படி பண்ண?” என்று அவன் முதல்முறையாகக் கேட்டான். சொல்லிக் கொடுத்தேன். “கடைசியா படிக்கிற ஃபைல்தாண்ணா நிக்கும். பேருக்கு முன்னாடி zz போட்டா எல்லாத்துக்கும் மேல வந்துடும்.” பெருமையாகத்தான் சொன்னேன்.

23 பிப்ரவரி

மாட் பகுதியை இணையத்தில் வெளியிட்டோம். பழவேற்காடு ஏரி. 01 ஃபைலில், திறந்ததும் திரையில் வருகிற மாதிரி, ‘ஆக்கம்: அர்ச்சனா துளசிங்கம்’. அதற்குக் கீழே ‘சோதனை: மோகன்குமார்’.

5 மார்ச்

சென்னையில் விளையாட்டு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியிலிருந்து கடிதம். பாடு வருகிற விதம் பிடித்திருக்கிறதாம். இருபத்தைந்தாம் தேதி நேரில் வந்து ஓட்டிக் காட்டச் சொல்கிறார்கள். டேட்டா ஃபைல் எழுத ஓர் ஆள் வேண்டும் அவர்களுக்கு. ஓர் ஆள்.

நான்கு முறை படித்தேன். கடையில் யாருடைய விண்ணப்பத்திலோ பிறந்த தேதியைத் தப்பாக அடித்துவிட்டேன். இந்த வேலை எனக்குக் கிடைத்தால் இனி ஒருத்தர் பிறந்த தேதியும் நான் அடிக்க வேண்டாம்.

7 மார்ச்

நான் போகக் கூடாதாம்.

நைனா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறக்கக் கூடாது. “மெஷினு மோகனுது. அவன் போயி காட்டிட்டு வரட்டும். நீ போயி அத்தினி ஆம்பளைங்க முன்னாடி இன்னா பேசுவ?” தினமும் பொன்னேரி கடையில் ஆம்பளைகளோடுதானே பேசிக்கொண்டிருக்கிறேன்! அம்மா மீனை அரிந்துகொண்டே இருந்தாள்.

மோகன் அண்ணன் மட்டும் பதமாகப் பேசினான். “உன் பேர சொல்ல மாட்டனா இன்னா? அதான் மொதல்லயே கீதே.” ஆமாம், முதலிலேயே இருக்கிறது.

9 மார்ச், ஞாயிறு

இன்று ஊர்க்கூட்டம். நைனாவுக்கு முட்டி போய்விட்டது, இடுப்புத் தண்ணீரில் நின்று வலைக்குக் கழி ஊன்ற முடியவில்லை. பாட்டு நோட்டில் அவர் இடத்தை மோகன் அண்ணன் பேருக்கு எழுதிவிட்டார்கள். ஆம்பளைப் பிள்ளை இல்லாத வீட்டில் அண்ணன் மகனுக்குத்தான் போகுமாம்.

ஐந்து ஊருக்கும் பாட்டு முறையை ஒரு பிசிறில்லாமல் எழுதத் தெரிந்தவள் இந்த வீட்டில் நான் ஒருத்தி. எந்த இடத்துக்கு எந்தக் காற்றில் இறால் ஏறும் என்று நைனாவிடம் கேட்டுக் கேட்டு எழுதியவள் நான். “எனக்கு எழுதினா இன்னா நைனா?” என்று கேட்டேன். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தார். “பொம்பள பேருக்கு பாடு எங்க கீது?”

சாப்பிடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

16 மார்ச், ஞாயிறு

விளையாட்டில் அலையாத்தி மரத்தின் படம் வரவில்லை என்று மோகன் அண்ணன் லாக் அனுப்பினான். படத்தின் பேரில் ஓர் எழுத்துத் தப்பு, அது இரண்டு நிமிட வேலை.

ஆனால் பட்டியலின் கடைசி வரி: zz_mohan.txt.

அப்படி ஒரு ஃபைல் நான் எழுதவில்லை. அனுப்பச் சொன்னால் அனுப்ப மாட்டான். மொத்த ஃபோல்டரையும் அனுப்புண்ணா, படத்தைச் சரி செய்து தருகிறேன் என்று கேட்டேன், அனுப்பிவிட்டான். திறந்தேன். ஒரே வரி.

‘ஆக்கம்: மோகன்குமார்.’

01இல் என் பேர் அப்படியே இருக்கிறது. அவன் அதைத் தொடவே இல்லை. தொட வேண்டிய அவசியம் இல்லையே! மேலே அவன் பேரைப் போட்டு மூடிவிட்டான். நான் சொல்லிக் கொடுத்த zz. நான்தான். என் வாயாலேயே.

‘மொதல்லயே கீதே’ன்னு சொன்னான். பொய்யும் சொல்லல பாரு. படுபாவி.

17 மார்ச்

நேராகக் கேட்டால் என்ன ஆகும்? நைனாவிடம் போவான். ஒரு பேருக்காக அண்ணன் தங்கச்சி சண்டையா என்பார்கள். அடங்காப்பிடாரி என்று எனக்குப் பேர் வரும், அவனுக்கு வேலை வரும்.

கேட்கவில்லை. ஒரு புது ஃபைல் எழுதினேன். பேர்: அர்ச்சனா.txt, தமிழில். zzக்கும் பின்னால்தான் அதைப் படிக்கும். உள்ளே என் பேரை ‘ஆக்கம்’ என்று போட்டேன். வெறும் பேரைப் போட்டால் தூக்கிப் போட்டுவிடுவான். அதனால் பாட்டு அட்டவணை முழுவதையும் 05இலிருந்து எடுத்து இந்த ஃபைலில் வைத்து, புயல் நாளில் முறை தள்ளிப்போகிற கணக்கையும் இதில்தான் சேர்த்தேன். கம்பெனிக்காரர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இது இல்லாமல் அவனால் காட்ட முடியாது.

“இத ஃபோல்டர்ல போட்டுடுண்ணா” என்று அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது.

18 மார்ச்

பார்த்திருப்பான்.

25 மார்ச்

காலை ஆறே காலுக்கு அவனைப் பேருந்து ஏற்றிவிட நைனா நொண்டிக்கொண்டே போனார். நான் என் பேருந்தில் பொன்னேரிக்குப் போய் பதினேழு விண்ணப்பம் தட்டினேன். ஜாக்குலின் மணிக்கொரு தரம் “போன் வந்துச்சா?” என்று கேட்டாள்.

வரவில்லை.

30 மார்ச்

அவனுக்கு வேலை.

இனிப்போடு வந்தான். அம்மா எனக்கும் ஒன்று எடுத்து நீட்டினாள். தின்றேன், வேறு என்ன செய்ய? “திரையில யார் பேருண்ணா வந்துச்சு?” என்று கேட்டேன். பெரியம்மா, நைனா எல்லோரும் இருந்தார்கள். “ரெண்டு பேரும்தான் பண்ணோம்னு சொன்னேன். நீதான் எனக்கு டைப் அடிச்சிக் குடுப்பன்னு சொன்னேன்” என்றான்.

டைப் அடித்துக் கொடுப்பேன். எட்டு மாதம்.

14 ஏப்ரல்

புத்தாண்டு. எழுத ஒன்றும் இல்லை.

11 மே

நைனாவின் பாட்டு முறை வந்தது. இப்போது அது மோகன் அண்ணன் முறை. அவன் சென்னையிலிருந்து வரவில்லை. கரையில் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், யாரும் போகாததால் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. நைனா வலையை மடித்து வைத்துவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டார்.

18 மே, ஞாயிறு

இரண்டு மாதம் கழித்து மோகன் அண்ணன் போன். குரல் இறங்கியிருந்தது.

கம்பெனியில் பாட்டில் இன்னும் இரண்டு ஊரைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். பத்து நாளாகச் சேர்க்கிறான், விளையாட்டில் வரவே மாட்டேன் என்கிறதாம். “இன்னா மாத்தினாலும் மாறலம்மா. நாளைக்குக் காட்டணும். காட்டலன்னா வேலைல வெச்சிக்க மாட்டாங்க.” அம்மா போடுகிறான், எத்தனை வருடத்துக்கு அப்புறம்!

லாக் அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். லாக்கில் எல்லாம் எழுதியிருக்கும் என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை.

கடைசி மூன்று வரி:

zz_mohan.txt
அர்ச்சனா.txt
மோகன்குமார்.txt

அ முதலில், ம பின்னால். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், எனக்குத்தான் தோன்றவில்லை. அப்போ இருபத்தைந்தாம் தேதி திரையில் வந்தது அவன் பேர்தான். என் ஃபைலை அப்படியே நகல் எடுத்து, உள்ளே என் பேரை மட்டும் தன் பேராக மாற்றி, ஃபைலுக்கும் தன் பேரைத் தமிழில் வைத்திருக்கிறான். அப்படி நகல் எடுத்தபோது பழைய பாட்டு அட்டவணையும் கூடவே வந்துவிட்டது. இப்போது அவன் எந்த ஃபைலில் ஊரைச் சேர்த்தாலும், அவன் பேருள்ள ஃபைலே கடைசியில் வந்து மூடிவிடுகிறது.

சிரிக்கத்தான் நினைத்தேன். அழுகைதான் வந்தது.

திரும்பக் கூப்பிட்டேன்.

“கடைசி ஃபைல எடுத்துடுண்ணா. சேக்கறத அதுக்கு முன்னாடி கீற ஃபைல்ல சேத்துடு.”

எதைச் சொல்கிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. எனக்குத் தெரியும் என்பதும் புரிந்துவிட்டது.

“அத எடுத்தா... வேற வழி இல்லியா?”

“இல்ல” என்றேன்.

வேறு வழி இருக்கிறது. அந்த ஃபைலில் பாட்டு அட்டவணையை மட்டும் அழித்துவிட்டு, பேரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அரை நிமிட வேலை. சொல்லவில்லை.

19 மே

மதியம் கடையில் இருந்தபோது புது லாக் வந்தது. கூட ஒரு வார்த்தையும் இல்லை.

பட்டியலில் கடைசி வரி: அர்ச்சனா.txt.

வீட்டுக்கு வந்தேன். நைனா ஊர்ப் பாட்டு நோட்டை வாங்கி வந்து வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நம் வீட்டு வரியில் துளசிங்கம் என்ற பேரை அடித்து, மேலே மோகன்குமார் என்று எழுதியிருந்தது. அதற்கும் மேலே எழுத இடம் இருந்தது.

“மோகன் இன்னா சொல்றான்?” என்றார்.

“ஒண்ணும் சொல்லல நைனா” என்றேன்.