எடுக்காதவள் கொடுத்த மூட்டை

போன திங்கட்கிழமை மத்தியானம் உன் ஆட்டுமணி அடித்தது. ஆடு மேய்கிற காட்டில் இல்லை, என் கடையின் பின்கட்டில். மலைமேல் நம் சோளக்காட்டுச் சந்தையில் இரண்டு பஸ் ஒரே நேரத்தில் வந்து நின்று, சோப்பு கொடு, பிஸ்கட் கொடு என்று முன்னால் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்டது. நீ கட்டிவிட்டுப் போன நாளிலிருந்து அது ஒரு தடவைகூட அடித்ததில்லை. கையிலிருந்த எண்ணெய்ப் பாக்கெட்டைப் போட்டது போட்டபடி பின்னால் ஓடினேன்.

யாரைப் பிடித்தேன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உன்னோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. செத்தவளோடு சண்டை போடக் கூடாது என்பார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும். உயிரோடு இருந்தபோது நீ எங்கே சண்டை போட விட்டாய்? நான் கத்தத் தொடங்கினால் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாய். இப்போது திரும்ப முடியாது, கேள்.

என் மளிகைக் கடையும் உன் பழக்கடையும் ஒரே சுவரில் சாய்ந்துதான் அத்தனை வருஷம் பிழைத்தன. கடை என்று உனக்கு என்ன இருந்தது? நாலு கொம்பு, ஒரு தார்ப்பாய், கீழே சாக்கு விரித்து மலைவாழையும் அன்னாசியும் பலாவும். சந்தையில் பூட்டு என்பது கடை அடைக்கும்போதுதான். பகலில் ஒரு சொல்தான் பூட்டு. “ஏம்புள்ள, பாத்துக்க” என்று நீ எழுந்து போவாய். “பாத்துக்கறேன் போ” என்பேன். நான் சரக்கெடுக்கச் சேந்தமங்கலம் இறங்கினால் என் கடை மொத்தமும் அந்த ஒரு சொல்லில் உன் கைக்கு வந்துவிடும். நீ வியாபாரமும் பார்த்து, வருகிறவனையும் பார்ப்பாய். காரில் வந்து இறங்குகிறவர்கள் மிளகை ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்து, பாதியைக் கீழே போட்டு, மீதியைப் பையில் போட்டுக்கொள்வார்களே, உன்னிடம் மட்டும் அது நடக்காது. “வாங்க சாமி, என்ன வேணுங்க?” என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாய். “கண்ணப் பாத்துக் கேட்டுப்போட்டா கை தானா மடங்கிக்கும் புள்ள” என்பாய். இன்றைக்கும் என் கடைக்குள் கால் வைக்கிற ஒருவரையும் நான் கேட்காமல் விடுவதில்லை.

அந்த மாசி மாதம் நான் சரக்கெடுக்கப் போன நாளில், பின்கட்டில் அடுக்கியிருந்த என் மிளகில் ஒரு மூட்டை போய்விட்டது. பஸ் வந்து உன்னைச் சுற்றிக் கூட்டம் நின்ற நேரத்தில் எவனோ பின்வாசல் வழியாகத் தூக்கியிருக்கிறான். நான் திரும்பி வந்தபோது நீ பழத்தை மூடிவிட்டு என் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாய். “ஒரு மூட்ட கொறையுது” என்றாய். போனால் போகட்டும், நீ என்ன பத்துக் கண்ணா வைத்திருக்கிறாய் என்று சொல்லிவிட்டு நான் சரக்கை இறக்கப் போய்விட்டேன். என்னைப் பொறுத்தவரை பேச்சு அத்தோடு முடிந்தது.

உனக்கு முடியவில்லை. மூன்றாம் நாள் காலை பஸ்ஸின் மேலிருந்து ஒரு மிளகு மூட்டையை இறக்கினாய். உன் காட்டில் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய கொடியிலிருந்து நீயும் உன் மகளும் பறித்துக் காய வைத்தது. அந்த வருஷத்து விளைச்சலே அவ்வளவுதான். அதை விற்றுத்தான் ஒழுகுகிற கூரைக்குத் தகரம் போடுவதாக இருந்தாய். அதைக் கொண்டுவந்து சந்தையே பார்க்க என் கடைப்படியில் சாய்த்தாய்.

“உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?” என்று கத்தினேன்.

“பாத்துக்கறேன்னு சொன்ன வாய் இது. காணாமப் போனா சொன்னவதான் வெக்கோணும். எங்கூட்ல அதுதான் மொற.”

“உன்ற மொறையத் தூக்கி ஒடப்புல போடு! ஆரோ எடுத்ததுக்கு நீ எதுக்குடி குடுக்கற?”

“எடுத்தவன் குடுக்கறது தண்டம் புள்ள. பாத்துக்கறேன்னவ குடுக்கறதுதான் வாக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்ச் சாக்கை விரித்தாய்.

சேந்தமங்கலத்தில் பிறந்த எனக்கு அந்த முறை தெரியாது. மலைமேல் உங்கள் குண்டூர் நாட்டு ஊர்களில் ஆடு தொலைந்தால் ஆடு, கோழி தொலைந்தால் கோழி, காவல் ஏற்றவர் வாய் திறக்காமல் கொண்டுவந்து விடுவார் என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அங்கே அது மானம். ஆனால் நீ அதைச் செய்த இடம் குண்டூர் நாடு இல்லையடி, சோளக்காட்டு பஸ் நிறுத்தம்! சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் கீழ்நாட்டிலிருந்து கடை வைக்க வந்தவர்கள். அவர்களுக்கு உன் முறை என்ன தெரியும்? உனக்கு அது உறைக்கவே இல்லை. உலகம் முழுக்க உன் ஊர் என்று நினைத்துவிட்டாய். என் முதல் கோபம் உன்மேல்தான்.

அடுத்த கோபம் கடைக்காரர் சங்கத் தலைவர்மேல். எதிர்வரிசையில் பெரிய கடை, கல்லாவுக்கு மேலே சாமி படம், வெள்ளைச் சட்டை. அன்று படியிலிருந்த மூட்டையைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், பக்கத்தில் நின்றவர்களிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். “எடுக்காதவ எதுக்குங்க குடுக்கறா?”

அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. அது சாயங்காலத்துக்குள் எல்லாக் கடையிலும் ஏறி, மறுநாள் பஸ்ஸிலும் ஏறிவிட்டது. நான் ஒவ்வொரு கடையாகப் போய்த் தொண்டை கிழியக் கத்தினேன். “அட, உங்களுக்குப் பழக்கமான பொம்பள, அதனால பேசறீங்க” என்றார்கள். நல்ல பேச்சுக்கு நாலு சாட்சி வேண்டும், கெட்ட பேச்சுக்கு ஒரு சிரிப்பே போதும் போலிருக்கிறது.

அடுத்த வாரம் தலைவர் கடையில் அட்டை தொங்கியது. பையை வெளியே வைத்துவிட்டு உள்ளே வரவும். யாருடைய பை? காரில் வருகிற அம்மாக்கள் தோள்பையோடு உள்ளே போய் வருவார்கள். நம் மலைப் பெண்கள் கொண்டுவரும் துணிப்பை மட்டும் வாசலில். ஒருநாள் நீ உப்பு வாங்கப் போனபோது, உன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிக் காட்டச் சொன்னார்கள். வெற்றிலையும் சுண்ணாம்பு டப்பியும் ஒரு சீப்பும் விழுந்தன. நீ குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்ததை நான் என் கடையிலிருந்து பார்த்தேன். ஓடிப்போய்த் தலைவரை நான் கேட்ட கேள்விகளை இப்போது வாயால் சொல்ல முடியாது. நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாய். “உடு புள்ள” என்றாய். இந்த “உடு புள்ள”வைக் கேட்டுத்தான் எனக்கு ஆத்திரம் தாங்காமல் வரும்.

அன்றிலிருந்து நீ யாரிடமும் “பாத்துக்க” என்று சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கப் போனாலும் பழத்தையெல்லாம் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு போனாய். என்னிடமும் சொல்லவில்லை. என்னிடமுமா, அடி பாவி? அதுதான் எனக்கு விழுந்த அடி.

நீ கொடுத்த மூட்டையை நான் விற்கவில்லை. பின்கட்டில் சுவரோரமாகப் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் நீ உள்ளே வந்து அதைப் பார்த்துவிட்டாய். எதற்கு விற்கவில்லை என்று கேட்டுச் சண்டைக்கு வந்தாய். விற்றால் நான் அதை வாங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றேன். முறைத்துப் பார்த்துவிட்டுப் போனவள், அடுத்த நாள் உன் ஆட்டின் கழுத்திலிருந்து அவிழ்த்த மணியைக் கொண்டுவந்து, மூட்டையின் வாய்க்கயிற்றில் சுவர்ப் பக்கமாகக் கட்டினாய். “இதாச்சும் பாத்துக்கட்டும். மணிமேல ஆரும் பழி போட மாட்டாங்க” என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன ஆடியில் மூச்சுத் திணறிய உன்னை மழைக்குள் ஜீப்பில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கீழே இறக்கினார்கள். பாதி வளைவு இறங்குவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. காரியத்துக்கு நான் வந்தேன். சந்தையிலிருந்து வேறு ஒருவரும் வரவில்லை. கூரை அப்போதும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. உன் மகள் அதற்குப் பிறகு சோளக்காட்டுப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. பழத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோய் விற்றாள்.

இப்போது மணி அடித்த கதைக்கு வருகிறேன். பின்கட்டுக்கு ஓடினேனா, உன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒருவன் வாசலில் நிற்கிறான். மணி ‘கிணிங் கிணிங்’ என்று அவன் முதுகில் அடிக்கிறது. யார் தெரியுமா? வேனில் மிளகு வாங்க வருவானே, வாய்க்கு வாய் “அம்மிணி, அம்மிணி” என்பானே, உன்னிடம் ஓசியில் வாழைப்பழம் தின்பானே, அந்தப் புண்ணியவான்! சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன். நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸில் இருந்தவர்கள்கூட இறங்கி வந்தார்கள். வேனைத் திறந்தால் உள்ளே இன்னொரு கடையின் மூட்டையும் இருந்தது.

“அன்னைக்கும் நீதானடா? பழக்காரம்மா காவல்ல இருந்தப்ப?” என்று கேட்டேன்.

அவன் தரையைப் பார்த்தான். “பஸ் கூட்டம் இருந்துச்சுங்க… அந்தம்மா இந்தப் பக்கம் பாக்குலீங்க” என்றான். எல்லாருக்கும் கேட்டது. தலைவருக்கும் கேட்டது.

அவனைப் போலீஸ் கொண்டுபோன பிறகு சங்கம் கூடியது. தலைவர் கேமரா வைப்பதைப் பற்றிப் பேசினார். எந்தக் கம்பெனி, எத்தனை, எங்கே மாட்டுவது என்று ஒரே பேச்சு. உன் பெயர் வரவே இல்லை. நான் எழுந்து, அந்தப் பொம்பளைக்கு என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“அட, உடும்மா. போனவங்க போயிட்டாங்க. இப்ப அதப் பேசி என்ன ஆவப் போவுது?”

“ஏனுங்க, எடுக்காதவ எதுக்குக் குடுக்கறான்னு நீங்கதானே கேட்டீங்க?”

அவர் கேமரா விலைச்சீட்டைப் புரட்டினார்.

“அவ எடுக்கல, குடுத்துட்டுப் போயிட்டா. நீங்க அவ பேரப் பறிச்சு எடுத்துக்கிட்டீங்க. எடுத்தவருதானே குடுக்கோணும், உங்க கணக்குப்படி? குடுங்க!”

ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு மெதுவாக நழுவினார். தலைவர், அட்டையைக் கழற்றிவிடுவதாகச் சொன்னார். அட்டையாம்! செத்தவள் வாயில் சர்க்கரை போடுகிற மாதிரி.

அடுத்த நாளே உன் மூட்டையை ஜீப்பில் போட்டு உன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மணியை அவிழ்க்கவில்லை. உன் மகள் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

“எங்கம்மா இத எங்க வெச்சுக் குடுத்துச்சு சின்னம்மா?”

“சந்தைல. என்ற கடப்படில.”

“அப்ப அங்கயே வெச்சுக் குடுங்க. இங்க கோழி மட்டுந்தான் பாக்குது.”

உன் வயிற்றில் பிறந்தவள்தான், ஆனால் வாய் உன்னுடையது இல்லை. நல்லவேளை.

இன்றைக்குச் சந்தை நாள். காலையில் முதல் பஸ்ஸில் வந்தாள். அதே மூட்டையை அதே படியில் சாய்த்து வைத்திருந்தேன். பஸ் வந்து கூட்டம் இறங்கும்வரை காத்திருந்து, தொண்டை போகிற அளவுக்குச் சொன்னேன். இது இவள் அம்மாவின் மிளகு, களவு போனதற்கு ஈடாக வாக்குக்குக் கொடுத்தது, களவாடியவன் பிடிபட்டுவிட்டான், இதோ திருப்பிக் கொடுக்கிறேன், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். வெங்காயக் கடைக்காரர் வந்து ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கொடுத்தார். டீக்கடைக்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு நின்றார். தலைவர் தன் கடைக்குள் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுமா சொல் என் வயிறு? ஆறவில்லை. அவர் கல்லாவில் இருந்து இறங்கி வந்து உன் மகள் முன்னால் ஒரு வார்த்தை சொல்கிற வரைக்கும் தினமும் அவர் கடை வாசலில் போய்க் கேட்பேன். “குடுங்க” என்று.

உன் மகள் மூட்டையை அப்போதே நல்ல விலைக்கு விற்றாள். நன்றாகக் காய்ந்த மிளகு, ஒரு மணி கெடவில்லை. மழைக்கு முன்னால் தகரம் போட்டுவிடுவாளாம். ஆட்டுமணியை அவிழ்த்து என்னிடமே கொடுத்தாள், அடுத்த மூட்டையில் கட்டிவிட்டேன். பிறகு கொண்டுவந்த வாழைத்தார்களை, நீ உட்கார்ந்த அதே இடத்தில் சாக்கை விரித்து அடுக்கினாள். மத்தியானம் வரைக்கும் என்னோடு அதிகம் பேசவில்லை. விற்றாள், சில்லறை கொடுத்தாள், காரில் வந்தவன் ஒருவனை “என்ன வேணுங்க சாமி?” என்று முகத்துக்கு நேரே கேட்டாள்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எழுந்தாள். கூடையைத் தேடப் போகிறாள், பழத்தையெல்லாம் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு போகப்போகிறாள் என்று நினைத்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னால் அதைப் பார்க்க முடியாது.

“சின்னம்மா, டீ குடிச்சுப்போட்டு வாரேன்” என்றாள். “பாத்துக்கங்க.”

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் நின்றாள். பதில் வராமல் போகக் கூடாது இல்லையா, அதுதானே உங்கள் முறை.

“பாத்துக்கறேன் கண்ணு, போயிட்டு வா” என்றேன்.

கடைக்கு ஆள் வந்து கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். உன் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் இன்னும் வரவில்லை.