கோட்டுக்கு வெளியே ஒரு முழங்கை

என் மூத்த பேரனுக்கு, உன் அப்பாவைப் பெற்றவள் எழுதிக்கொள்வது.

நலமா என்று விசாரிக்கிற மனசில் நான் இல்லை. ஆனாலும் நலமாக இரு. இங்கே என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. லிப்ட் மறுபடியும் கெட்டுக் கிடக்கிறது. உன் அப்பாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறதாம், டாக்டர் திட்டி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக பிஸ்கட் டப்பாவைத் திறந்தான். செய்தி இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் வயிற்றெரிச்சல்.

உன் கடிதம் வந்தது. நாலு பக்கம். நாலு பக்கமும் லென்ஸ். தாத்தாவின் கேமராவுக்கு இப்போது மாட்டியிருக்கிற முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் போதவில்லை என்கிறாய். தாத்தாவின் பழைய அகல லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது, அதனால் புதிதாக ஒன்று வேண்டும் என்கிறாய். இருபத்தெட்டு வாங்கினால் கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற ஜன்னலிலேயே பார்த்துக்கொள்ளலாம். இருபத்தொன்று என்றால் இன்னும் நிறைய விழும், ஆனால் கேமராவின் தலையில் தனியாக ஒரு கண்ணாடியைச் செருகிப் பார்க்க வேண்டும். தாத்தாவோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவள் நான், எதை வாங்கலாம் என்று சொல்ல வேண்டுமாம். கடைசிப் பக்கத்தின் அடியில், இடம் மிஞ்சிவிட்டதே என்று எழுதினாயோ என்னவோ, ஒரு வரி. போன தடவை கூடம் சின்னதாக இருந்ததால் அத்தை படத்தில் விழாமல் போய்விட்டார்கள், கல்யாணத்துக்கு வரும்போது அகல லென்ஸில் எல்லாரையும் சேர்த்து எடுத்துவிடுகிறேன் என்று.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ கூடம் சின்னது என்கிறாய்.

அந்தப் படம் இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? உன் அம்மா சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள். நான் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அவள் தேடி எடுத்து மறுபடி மாட்டினாள். நான் மறுபடி கழற்றினேன். இப்போது ஆணியை எனக்கு எட்டாத உயரத்தில் அடித்து வைத்திருக்கிறாள். ஆணி அடித்தே பதில் சொல்லிவிட்டாள். அதனால் தினமும் அண்ணாந்து பார்க்கிறேன்.

நடுவில் நான். இந்தப் பக்கம் உன் அப்பா, அந்தப் பக்கம் உன் அம்மா, பின்னால் உன் தங்கை. இடது ஓரத்தில் மீன்தொட்டி. அதில் ஒன்றும் குறைவில்லை, முழுசாக விழுந்திருக்கிறது. மறுநாள் செத்துப்போன ஆரஞ்சு மீன்கூட வாலோடு இருக்கிறது. வலது ஓரத்தில் சமையலறை வாசல். அங்கே நீலச் சட்டையின் மடித்துவிட்ட கை, அதற்குக் கீழே ஒரு முழங்கை. என் மூத்த பெண் அவ்வளவுதான் உன் படத்தில்.

உன் தாத்தாவுக்கு என்ன வேலை என்று உனக்குத் தெரியும். தீப்பிடித்த வீடு, இடிந்த கடை என்று போய் இன்சூரன்ஸ்காரர்களுக்குப் படமெடுத்துக் கொடுப்பது. அகல லென்ஸ் அதற்குத்தான் வாங்கினார். கரி பிடித்த சின்ன அறைக்குள் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால் கூரையும் தரையும் ஒன்றாக விழ வேண்டும். மனுஷர்களை மட்டும் அதில் எடுக்கமாட்டார். ஒருதரம் என் மாமியார் ஓரத்தில் உட்கார்ந்திருக்க, அந்த அம்மாளின் முகம் பிசைந்த மாவை இழுத்த மாதிரி விழுந்துவிட்டது. அதைப் பார்த்து அந்த அம்மாள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அதோடு சரி, வீட்டாருக்கு எப்போதும் குறைவாக விழுகிற ஐம்பதுதான்.

அந்த ஐம்பதில் ஒரு குடும்பப் படம் எடுத்தார். மாமியார், கொழுந்தன்மார், அவர்கள் பெண்டாட்டிகள். நான் வேலை பார்த்த சலவைக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்தேன். சட்டைக்கை ஈரம், தலையெல்லாம் நீராவி. ஓடிப்போய் ஓரத்தில் நின்றேன். படம் வந்தபோது நான் அதில் இல்லை. என் மாமியார் ரொம்ப வருத்தப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அடடா, லென்ஸ்ல இடம் பத்தலையாம்மா" என்றாள். நானும் நம்பினேன். பாவம் மனுஷன், கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு கல்யாண வீட்டில், ஃபிலிம் வாங்கிவரப் போகிறேன், பிடித்துக்கொள் என்று கேமராவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சும்மா இருக்காமல் அந்தச் சின்ன ஜன்னலில் கண்ணை வைத்தேன். உள்ளே வெள்ளைக் கோட்டால் ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் இருப்பதுதான் படம். ஆனால் கட்டத்தோடு பார்வை நின்றுவிடவில்லை. கோட்டுக்கு வெளியேயும் சுற்றிலும் தெரிகிறது. என் கடைசிக் கொழுந்தன் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கைக் குடைந்துகொண்டிருந்தான். எந்த விரல் என்றுகூடத் தெரிந்தது.

அங்கேயே எனக்கு விளங்கிவிட்டது. மற்ற கேமராவில் விழாதவர்கள் கண்ணுக்கும் தெரியமாட்டார்கள். இந்தக் கேமராவில் யாரை விடுகிறோம் என்று பார்த்துக்கொண்டேதான் விட முடியும்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். சத்தம் போடவில்லை. கோட்டுக்கு வெளியே நான் நின்றது தெரிந்ததா என்று மட்டும் கேட்டேன். கேமராப் பையைத் துடைத்தார், வாரைத் துடைத்தார், துடைக்க வேறொன்றும் மிச்சமில்லாதபோது, "அம்மா எதிர்லயே நின்னாங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். படமெடுத்த அன்றைக்கும் அகல லென்ஸ் அந்தப் பைக்குள்தான் இருந்தது. அதன் பிறகு அவர் என்னைத் தனியாக எத்தனையோ படம் எடுத்தார். ஒன்றிலும் நான் சிரிக்கவில்லை, போய்ப் பார். அன்றைக்கு ஈரக்கையோடு நான் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது யாரை என்று நினைக்கிறாய்? உன் அத்தையைத்தான். பேசக்கூடத் தெரியாத குழந்தை. உன் தாத்தா ஒருதரம் வெளியே விட்டார், நீ ஒருதரம் விட்டிருக்கிறாய்.

பார்க்கவில்லை என்று எனக்கு எழுதாதே. உன் தாத்தா அடிக்கடி சொல்வார், கோட்டில் தெரிவதைவிட ஃபிலிமில் கொஞ்சம் கூடவே விழும் என்று. நீ கோட்டை அவள் தோளுக்கு இந்தப் பக்கம் சரியாக நிறுத்தினாய். உன் கணக்கு சுத்தம்தான். அந்தக் கொஞ்சம் கூடுதலில்தான் முழங்கை மாட்டிக்கொண்டது. கேமரா உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது, ராஜா. இல்லையென்றால் மீன்தொட்டியை விட்டுவிட்டு ஓரடி இப்படித் திரும்பியிருக்க மாட்டாயா? பின்னால் பால்கனிக் கதவு திறந்துதானே கிடந்தது, இரண்டடி பின்னே போக உனக்குக் காலில்லையா?

ஏன் விட்டாய் என்றும் எனக்குத் தெரியும். படம் உனக்குப் பார்த்த பெண் வீட்டுக்குப் போகிற படம். இது யார், ஏன் இங்கேயே இருக்கிறாள், புருஷன் எங்கே என்று கேள்வி வரும். நீ கேமராவைத் தூக்கியதும் உன் அம்மா தேன் ஒழுக, "அண்ணி, அடுப்புல டீ இருக்கு, பாத்துக்கிறீங்களா?" என்றாள். அடுப்பில் டீ இல்லை. நான் பிறகு போய்ப் பார்த்தேன். உன் அம்மாவை நான் மன்னிக்கப்போவதில்லை, அது எங்களுக்குள் இருக்கிற கணக்கு. அவள் வேறு வீட்டிலிருந்து வந்தவள். நீ யார்? உன் அம்மா ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிப்ட் பார்த்த காலமெல்லாம் நீ யார் வயிற்றில் காலைப் போட்டுத் தூங்கினாய்? குளியலறையை இருட்டாக்கி நீ ஃபிலிம் கழுவும்போது கதவிடுக்கில் துணியைத் திணித்துவிட்டு வெளியே காவல் உட்கார்ந்தது யார்? உன் அப்பா அவசரம் அவசரம் என்று குதித்தபோதுகூடக் கதவைத் திறக்கவிடவில்லை அவள். "அடக்கிட்டு இருடா, பையனோட படம் கெட்டுப்போகும்" என்றாள். ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ ஏணி படத்தில் விழாமல் பார்த்துக்கொண்டாய்.

படம் தபாலில் வந்த அன்று உறையைப் பிரித்தவள் அவள்தான். என்னைவிட அவளுக்குத்தான் அவசரம். சட்டை நுனியால் துடைத்தாள். நின்றபடியே பார்த்தாள். "முழங்கை நல்லா விழுந்திருக்கும்மா" என்றாள். அப்புறம் போய் மிச்சமிருந்த பாத்திரத்தைத் தேய்த்தாள். அழுதிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

இதற்குக் கீழே எழுதுவதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள். என் வாக்கு போனால் போகட்டும். வெளியூரில் பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன் வேலைக்கு எழுதிப்போட்டு, கிடைத்தும்விட்டது. தங்க அறை கொடுக்கிறார்களாம். உன் கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று நாள் பார்த்து வைத்திருக்கிறாள். நீ இருபத்தொன்றை வாங்கிக்கொண்டு வந்து எல்லாரையும் சேர்த்து எடுப்பாய். எல்லாரும் இருப்போம், அவள் இருக்கமாட்டாள். உன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தாலும் பிஸ்கட் தின்பான்.

லென்ஸ் கேட்டாயே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், கேட்டதற்குச் சொல்லவில்லை என்ற பேச்சு வேண்டாம். வாங்குவதானால் இருபத்தெட்டு வாங்கு. இருபத்தொன்றுக்கு, இரண்டாகத் தெரிகிற உருவத்தைச் சேர்த்துத் தெளிவாக்க ஒரு ஜன்னல், கட்டம் பார்க்க மேலே இன்னொரு ஜன்னல். உன் தாத்தாவே அகல லென்ஸை மாட்டிக்கொண்டு அவசரத்தில் மேலே பார்க்க மறந்து கீழேயே பார்த்து எடுத்து, எரிந்த உத்தரத்தோடு தன் பையையும் செருப்பையும் சேர்த்துப் படமெடுத்து ஆபீஸில் ஏச்சு வாங்கியவர். ஒரு ஜன்னலிலேயே ஒழுங்காகப் பார்க்காத உனக்கு எதற்கு இரண்டு? அதோடு, அகலம் கூடக் கூட ஓரத்தில் நிற்பவர் முகம் இழுபடும். நீ அவளை எங்கே நிறுத்துவாய் என்று எனக்குத் தெரியாதா?

ஆனால் இப்போது ஒன்றும் வாங்காதே. அந்தக் காசில் டிக்கெட் எடு. கல்யாணத்துக்கு இல்லை, இப்போது வா. கேமராவைக் கொண்டுவந்தாலும் சரி, விட்டுவிட்டு வந்தாலும் சரி. வந்து அவள் எதிரில் நின்று, பார்த்தேன் அத்தை, பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன் என்று சொல். கூடத்தைச் சொல்லாதே, லென்ஸைச் சொல்லாதே, உன் அம்மாவையும் சொல்லாதே. உன் தாத்தாவிடம் இதைத்தான் எதிர்பார்த்தேன், சாகிறவரை சொல்லவில்லை மனுஷன். நீ சொன்னால் அவள் உன்னை அடிப்பாள். அடி வாங்கிக்கொள். அவள் அடித்தால் நல்லது.

எனக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. எனக்கென்ன குறை? எல்லாரும் வேலைக்குப் போன பிறகு சாயங்காலம்வரை பேச்சுத் துணைக்கு டிவி இருக்கிறது.

நீயும் வரப்போகிற பெண்ணும் நூறு வயசு நன்றாக இருங்கள். கோபத்தில் எழுதினாலும் வாழ்த்து வாழ்த்துதான்.

அவள் புதுப் பெட்டி ஒன்று வாங்கிக் கட்டிலில் வைத்திருக்கிறாள். தினமும் திறக்கிறாள், மூடுகிறாள். இதுவரைக்கும் ஒரு துணிகூட அதில் வைக்கவில்லை. சீக்கிரம் வா, கண்ணு.

இப்படிக்கு,
உன்னைத் திட்ட இன்னும் உயிரோடிருக்கிற
பாட்டி