சும்மா இருக்கச் சொன்ன வசனச்சீட்டு

கைனகரி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மோளே பீனா,

கர்த்தரின் கிருபையால் அயர்லாந்தில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் வாத்துகளும் சுகம். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ "ஜெபிக்கலாம் அம்மச்சி" என்று கண்ணை மூடிக்கொள்கிறாய், அதனால்தான் எழுதுகிறேன். இதையாவது கண்ணைத் திறந்து படி.

வயலில் ஆணி குத்திய அப்பச்சனின் கால் உனக்குத் தெரியும். சர்க்கரை உடம்பு, புண் ஆறாமல் விரல்கள் கறுத்துவிட்டன. டாக்டர் உடனே வந்து சேரச் சொல்லியும் இவர் வருஷப்பிறப்பு ஆராதனையில் குலுக்கி எடுத்த வேத வசனச்சீட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டுகிறார். நீ சும்மா இரு, நான் உனக்காகப் போராடுவேன் என்று அதில் இருக்கிறதாம். "இது எனக்குக் கிடைச்ச வாக்கு ஏலீ, ஆஸ்பத்திரிக்குப் போனா கர்த்தர நம்பலேன்னு ஆயிடும்" என்கிறார். பக்கத்து வீட்டு ரோசக்குட்டிக்கும் அதே வசனம்தான் வந்தது. அவள் அறுவடைக்குப் போகாமல் சும்மாவா இருந்தாள்?

மனுஷனுக்குப் பயம், அந்தப் பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டார், போகட்டும். ஆனால் நீ நர்ஸ், தினமும் இதே மாதிரிப் புண்ணைக் கழுவிக் கட்டுகிறவள். நீ அவரிடம் என்ன சொன்னாய்? "அப்பச்சா, எல்லாத்தையும் கர்த்தர் கையில விட்டுடுங்க, அவர் சித்தம்போல ஆகட்டும்." அதை அவர் என்னிடம் பெருமையாகச் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. அங்கே எந்த வெள்ளைக்காரனிடமாவது இப்படிச் சொல்லிக் கட்டுப் போடாமல் அனுப்புவாயா? பெற்ற தகப்பன் என்றால் மட்டும் ஜெபம் போதுமோ?

வியாழக்கிழமை காய்ச்சலில் உளற ஆரம்பித்தார். தொம்மிச்சனின் வள்ளத்தைக் கூப்பிட்டு இரண்டு பேரும் தூக்கி உட்காரவைத்தோம். "என்னை இறக்கிவிடுடி, கர்த்தர் பார்த்துப்பார்" என்று துறை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "உங்களுக்காகப் போராட அவர் அனுப்பின ஆள் நான்தான், வாய மூடிட்டு உக்காருங்க" என்றேன். தொம்மிச்சன் சிரிப்பை அடக்கிக்கொண்டு துடுப்புப் போட்டான்.

காலே போகுமோ என்னவோ, உள்ளே திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். ஆபரேஷன் அறைக் கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்குமேல் என் கையால் செய்ய ஒன்றுமில்லை. அப்போதுதான் ஆண்டவரே, உமது சித்தம் என்று சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனாலும் முழு மனதோடு சொன்னேன். அதைச் சொல்லவேண்டிய இடம் அந்தக் கதவுதான் மோளே, நம் வீட்டுக் கட்டில் இல்லை.

இரண்டு விரல்கள் போயின, கால் தப்பியது. கர்த்தர் போராடி ஜெயித்தார் என்று உன் அப்பச்சன் வார்டு முழுக்கச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார். அதில் வள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மீன்கறி வேண்டும் என்று என்னிடம் கோபம் வேறு.

கர்த்தர் உன்னையும் பிள்ளைகளையும் தம் செட்டைகளுக்குள் வைத்துக் காக்கட்டும். மறந்துவிடாதே, இனி அப்பச்சனோடு பேசும்போது முதலில் காலைக் காட்டச் சொல். நன்றாகப் பார். பிறகு கண்ணை மூடு.

கோபம் தீராத உன் அம்மச்சி,
ஏலியம்மா